இனப்பெருக்க உரிமை: இந்த நாட்டுக்கு ஆகாத சொல்

சென்ற மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கான சட்ட அறிவூட்டல் கூட்டம். கையேட்டை வேறு யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். வாசித்து விளக்குவது என் வேலை. மூன்றாம் பக்கத்துத் தலைப்பு 'பெண்களின் இனப்பெருக்க உரிமைகள்'. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இது எங்கட சனத்தைக் கூட்டச் சொல்லுதோ பிள்ளை?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த மாளிகாவத்தை முஸ்லிம் தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை. கையேட்டை மடித்துக் கதிரையில் வைத்தாள். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "இத ஊட்டுக்குக் கொண்டுபோக ஏலா மிஸ். எங்கட ஆக்கள் புள்ள பெத்துக் கூட்டுறாங்கண்டு ஏற்கெனவே கதைக்கிறாங்க. இதுல உரிமை எண்டும் போட்டிருக்கு."

இந்தச் சொல்லை வருடக்கணக்காகப் பார்த்துப் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. இனி இருக்க முடியாது.

ஆங்கிலத்தில் இது 'ரிப்ரொடக்டிவ் ரைட்ஸ்'. மீண்டும் உண்டாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்து, 18ஆம் நூற்றாண்டில் உயிரியலுக்குள் நுழைந்த சொல். உரிமையோடு அது சேர்ந்தது மிகப் பிந்தி. எத்தனை பிள்ளை, எவ்வளவு இடைவெளி என்பதைச் சுதந்திரமாகத் தீர்மானிப்பது பெற்றோரின் அடிப்படை மனித உரிமை என்று 1968இல் தெஹ்ரானில் நடந்த மனித உரிமை மாநாடு பிரகடனம் செய்தது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது; இலங்கை அதை 1981இல் ஏற்றுக்கொண்டது. 1994இல் கெய்ரோவில் நடந்த சனத்தொகை மாநாடு வற்புறுத்தலும் வன்முறையும் இன்றி முடிவெடுக்கும் உரிமை என்பதையும் சேர்த்து விரித்தது. மூன்றிலும் பேசப்படுவது ஆட்கள் எடுக்கும் முடிவு. 'இனம்' எதுவும் பெருகுவதைப் பற்றிய பேச்சு எதிலும் இல்லை.

தமிழில் 'இனம்' முதலில் கூட்டம், சேர்க்கை. திருக்குறளின் 'சிற்றினம் சேராமை' அதிகாரத்தில் இருப்பது இந்தப் பொருள்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'இனசனம்' என்றால் சொந்தபந்தம். விஞ்ஞானப் புத்தகம் அதே சொல்லை உயிரினங்களுக்கு எடுத்துக்கொண்டது. தவளையும் தென்னையும் பெருகுவதைச் சொல்ல 'இனப்பெருக்கம்' பொருத்தமான சொல். அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. மீன்களின் இனப்பெருக்க காலம் என்கிறோம், சரி. ஆனால் எந்தப் பெண்ணாவது "எனக்கு இரண்டு தரம் இனப்பெருக்கம் நடந்தது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? "ரெண்டு பிள்ளை பெத்தனான்" என்பாள். ஆளைப் பற்றிய சொல் இருக்க, பண்ணையைப் பற்றிய சொல்லைக் கொண்டுவந்து அவள் உரிமைக்குப் பெயராக வைக்கிறோம்.

இந்த நாட்டிலோ 'இனம்' என்ற சொல்லை வெறும் உயிரியலாக யாரும் கேட்பதில்லை. இனப்பிரச்சினை, இனக்கலவரம், இனவாதம், இனப்படுகொலை என்று எழுதிப் பழகிய கை நமது. அடுத்த இனம் பெருகுகிறது என்ற பயத்தை வைத்தே இங்கே கடைகள் எரிந்திருக்கின்றன. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் கடையின் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை கிடந்தது என்ற கதை கிளம்பி, பள்ளிவாசலைத் தாக்குமட்டும் போனது. பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி. அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்ற பழி. இந்தக் காற்றில் 'இனப்பெருக்க உரிமை' என்று அச்சடித்து மாளிகாவத்தைக்கு அனுப்பினால், அந்தத் தங்கச்சி அதை வீட்டுக்குக் கொண்டுபோவாளா?

சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களிலெல்லாம் இருக்கிறது, மாற்றினால் குழப்பம் என்பார்கள் மொழிபெயர்ப்பு நண்பர்கள். உடற்கூற்றுப் படத்தில் 'இனப்பெருக்கத் தொகுதி' இருந்துவிட்டுப் போகட்டும். உரிமை என்று வரும்போது அது நேர்மாறான பொருளைத் தருகிறது. பெருக்கம் என்றால் கூடுவது. இந்த உரிமையின் பாதி, பெறாமல் இருப்பது, இன்னும் இரண்டு வருடம் பொறுப்பது, ஒன்றோடு நிறுத்துவது. பெருக்காமல் இருப்பதற்கான உரிமையைப் 'பெருக்க உரிமை' என்று எப்படி அழைப்பது?

மாற்றாகச் சிலர் வைக்கும் சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை. 'கருவுரிமை' சின்னதாக, அழகாக இருக்கிறது. ஆனால் கருவுக்கு உள்ள உரிமை என்றே வாசிக்கப்படும். பெண்ணின் முடிவை எதிர்ப்பவர்கள் கேட்பதே அதைத்தானே. இடதுசாரி நண்பர்களின் 'மறுஉற்பத்தி' சமையல், பிள்ளை வளர்ப்பு போன்ற ஊதியமில்லா உழைப்பைப் பேச உதவும். வயிற்றுக்கும் மனத்துக்கும் உள்ள விசயத்தை அது ஆலைக்குள் தள்ளிவிடும்.

அடுத்தது 'கருக்கலைப்பு உரிமை'. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பைத் தூக்கியெறிந்தபோது நம் செய்திகள் இந்தச் சொல்லை எடுத்தன. அந்த வழக்குக்கு அது சரி. சில இடங்களில் 'கருச்சிதைவு உரிமை' என்றும் வந்தது, அது முழுப் பிழை: சிதைவு தானாக நேர்வது, கலைப்பு செய்வது. தன்வினை பிறவினை தெரியாத கை, பிள்ளை தங்காமல் போன ஒரு தாயையும் குற்றவாளியாக எழுதிவிடும். இங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறு எதற்கும் கலைப்பை அனுமதிப்பதில்லை. மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியபின் என்றால் ஏழு. பாலியல் வல்லுறவுக்கு ஆளானவளுக்கும் விலக்கில்லை. 1995இலும் 2017இலும் தளர்த்தப் பார்த்து முடியவில்லை. ஆகவே கலைப்பைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், தெளிவாகவே பேசவேண்டும். ஆனால் முழு உரிமைக்கும் அதையே பெயராக்கினால் மற்றப் பாதி மறைந்துபோகும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு காசு கொடுத்தது. கையில் காசில்லாதவளுக்கு அது எவ்வளவு தூரம் தெரிவு? 2013இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாட்டுப் பெண்கள், கைத்தோலின் கீழ் வைக்கும் கருத்தடையைச் சரியாக விளக்காமல் தங்களுக்கு வைத்துவிட்டார்கள் என்று முறையிட்டார்கள். அவர்கள் கேட்டதும் இதே உரிமைதான், மறுபக்கத்திலிருந்து.

நான் எழுதுவது 'பிள்ளைப்பேற்றுத் தெரிவுரிமை'. பேறு என்பது பெறுதல். மக்கட்பேறு, மகப்பேறு என்று நெடுநாளாக நம்மிடம் உள்ளது. 'மகப்பேற்று' என்று தொடங்கினால் பிரசவ விடுதி நினைவுக்கு வருவதால் 'பிள்ளைப்பேறு' என்றேன். முக்கியமான சொல் 'தெரிவு'. தெரிதல் என்றால் அறிதலும் உண்டு, ஆய்ந்து எடுத்தலும் உண்டு. அறியாமல் எடுத்தால் அது தெரிவே அல்ல. வலைப்பாட்டுப் பெண்களின் முறைப்பாடு அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. 'தேர்வு' என்று போட்டால் தமிழ்நாட்டு வாசகருக்குப் பரீட்சை ஞாபகம் வரும்.

நீளம் என்கிறார்கள். நீளம்தான். கையேட்டில் தலைப்பாக ஒருமுறை போட்டுவிட்டு, உள்ளே 'பிள்ளை பெறவும் பெறாதிருக்கவும் உள்ள உரிமை' என்று எழுதினால் போதும். கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு அன்று வாயால் அப்படித்தான் சொன்னேன். "அப்ப அதைத் தானே பிள்ளை எழுதியிருக்க வேணும்" என்றார்.