பிடி-1 எங்க போச்சு? ஆன்டிபாடி பாக்குறது ஒரு மூலையத்தான்

ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்லுல ஒட்டுன சாயத்தோட வெளிச்சத்த ஒவ்வொரு செல்லா அளக்கற மெஷின்) பழகுன புதுசுல ஒரு சாம்பிள் என்னை முழி பிதுங்க வெச்சுது. ஒரே நோயாளி, ரெண்டு தடவ எடுத்த ரத்தம், ஒண்ணு மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மூணு வாரம் கழிச்சு. முதல்ல டி செல் (நோயோட சண்டை போடற வெள்ளணு) மேல பிடி-1ங்கற புரோட்டீன் நல்லா தெரியுது, ரெண்டாவதுல சுத்தமா இல்ல, வெளிச்சத்த காட்டற ஹிஸ்டோகிராம் போய் இடது ஓரத்துல, அதாவது வெளிச்சமே இல்லாத பக்கம், ஒட்டிக்கிச்சு. பிடி-1ல போய் ஒட்டற சாயம் மாட்டுன ஆன்டிபாடி போட மறந்துட்டேனோன்னு திரும்ப ஸ்டெயின் பண்ணேன், அதேதான். பக்கத்து சீட்டு சீனியர் அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "என்ன மருந்து ஏத்திருக்காங்கன்னு பாத்தியா?" பாத்தா நிவோலுமாப், பிடி-1ஐயே குறிவெக்கற கேன்சர் மருந்து.

பிடி-1ங்கறது டி செல் மேல துருத்திக்கிட்டு நிக்கிற ஒரு ரிசப்டர். எதிர் செல்லுல இருக்கற பிடி-எல்1 அதுல வந்து ஒட்டுனா, உள்பக்கம் எஸ்எச்பி-2ன்னு ஒரு என்சைம் வந்து சேந்து, டி செல்ல உசுப்பிவிடற சிக்னல்ல இருக்கற பாஸ்பேட்டெல்லாம் கழட்டிவிட்டுடும், டி செல் அடங்கிடும். கேன்சர் செல் நிறைய இந்த பிடி-எல்1ஐ போத்திக்கிட்டுதான் தப்பிக்குது. 1992ல கியோட்டோவுல தசுக்கு ஹோஞ்சோ லேப்ல இத கண்டுபிடிச்சப்ப அவங்க தேடுனது சாகப்போற செல்லுல முழிச்சுக்கற ஜீன, அதனாலதான் பேருல 'டெத்'. இதோட வேலை பிரேக் போடறதுன்னு பின்னாடி எலில ஜீன எடுத்துப் பாத்துதான் தெரிஞ்சுது, பேரு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. 2018ல ஜேம்ஸ் அலிசனோட சேத்து அவருக்கு நோபல்.

இத பாக்கறது கொஞ்சம் ரோதனை புடிச்ச வேலை. சிடி4 (டி செல்லுல ஒரு வகைய அடையாளம் காட்டற புரோட்டீன்) மாதிரி தனித்தனியா ரெண்டு மேடு வராது. சும்மா இருக்கற டி செல்லுல கம்மி, உசுப்புனா ஏறும், ரொம்ப நாள் சண்டை போட்டு களைச்சுப்போன செல்லுல எறங்காம ஒசரத்துலயே நிக்கும், அதனால ஒரே இழுவலாதான் தெரியும். அதான் பிஇ மாதிரி பளிச்சுன்னு எரியற சாயம் மாட்டுன ஆன்டிபாடி வாங்குவோம் (அது செவப்பு கடல்பாசில இருந்து வர்ற புரோட்டீன், கேக்க வேடிக்கையா இருக்கும்). இருக்கு, இல்லன்னு பிரிக்க எங்க கோடு போடறதுன்னு தெரிய, பிடி-1 ஆன்டிபாடிய மட்டும் விட்டுட்டு மத்த எல்லா சாயத்தையும் போட்ட ஒரு டியூப் கண்டிப்பா வேணும், அத ஓட்டாம பர்சன்டேஜ் சொல்றவங்கள நான் நம்பறதில்ல.

சரி, அந்த காணாமப்போன பிடி-1. நான் போட்டது இஎச்12.2எச்7ங்கற குளோன், அதாவது ஒரே செல் வம்சத்துல இருந்து வர்ற ஒரே மாதிரி ஆன்டிபாடி. ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி மொத்த பிடி-1ஐ பாக்காது, அதோட ஏதோ ஒரு மூலைய மட்டும் புடிக்கும், அந்த மூலைக்கு எபிடோப்னு பேரு. நிவோலுமாப்பும் ஒரு ஆன்டிபாடிதான, அது பிடி-எல்1ஐ ஒட்டவிடாம தடுக்கறதுக்காக ஏறக்குறைய அதே எடத்துல ஏற்கனவே துண்டு போட்டு உக்காந்திருக்கு, என்னோடது வந்தா எடமில்ல. அதுவும் சீக்கிரம் எழுந்து போற ஆளில்ல. 2010ல வெளியான ஆரம்ப டிரயல்லயே, ஒரு டோஸ் ஏத்தி ரெண்டு மாசம் தாண்டியும் ரத்தத்துல இருக்கற டி செல்லோட பிடி-1ல 70 சதவீதத்துக்கு மேல மருந்து ஒட்டியே இருந்துது.

அக்கா சொன்ன வழி ரொம்ப சிம்பிள். நிவோலுமாப் மனுஷ ஐஜிஜி4ங்கற ஆன்டிபாடி வகை, என் ஆன்டிபாடி எலியோடது. அதனால பிடி-1ஐ தேடறத விட்டுட்டு மனுஷ ஐஜிஜி4ஐ தேடற சாயம் போட்ட ஆன்டிபாடிய போடு, மருந்து எங்க உக்காந்திருக்கோ அங்க வெளிச்சம் வரும். ரத்தத்துல மிதக்கற ஐஜிஜி4 குழப்பாம இருக்க முன்னாடியே நல்லா வாஷ் பண்ணிடணும். இன்னொரு டியூப்ல வேணும்னே நிவோலுமாப் நெறைய ஊத்தி ஊறவெச்சு அப்புறம் அதே ஸ்டெயின், அது மொத்த பிடி-1. மொத டியூப்போட வெளிச்சத்த இதால வகுத்தா எத்தன சீட்டு நெறஞ்சிருக்குன்னு வந்துடும், நெசமாவே ரிசப்டர் கொறஞ்சிருந்தா அதுவும் அந்த ரெண்டாவது டியூப்ல மாட்டிக்கும்.

மறுநாள் மிச்சமிருந்த செல்ல எடுத்து 4 டிகிரில இருட்டுல அரைமணி நேரம் வெச்சு ஓட்டுனேன். இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்த கூட்டம் எழுந்து வலது பக்கம் வந்துடுச்சு, ரெண்டு டியூப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு, அதாவது சீட்டு கிட்டத்தட்ட எல்லாமே மருந்தால நெறஞ்சிருந்துது.