ஆறு மாதம் சேர்ந்து வாழும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை

குடும்ப நல ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சென்ற வாரம் என் எதிரே அமர்ந்திருந்த பெண்ணுக்கு வயது 29. கணவரைப் பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவர் அடித்ததில் முறிந்த இடது மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. "மணவிலக்குக்கு மனு போட்ட பிறகு ஆறு மாதம் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டுமாமே மேடம்? துணிமணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "நாவல்களில் அப்படித்தானே வருகிறது" என்றார். இதே கேள்வியை இந்த ஆண்டில் என்னிடம் கேட்ட நான்காவது பெண் இவர். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

பிரிந்த தம்பதி மீண்டும் சேரும் தொடர்கதைகளை நானும் விரும்பிப் படிப்பவள்தான். ஒரு தவறான புரிதலால் பிரிவு, ஐந்து ஆண்டு கழித்து அவள் வேலை செய்யும் அலுவலகத்துக்கே அவன் முதலாளியாக வந்து சேர்வது, அவன் சாயலில் ஒரு குழந்தை, ஒரு விபத்து, மருத்துவமனை வாசலில் அவன் கண்ணீர் என்று எல்லாமே முன்கூட்டித் தெரிந்ததுதான். முடிவு தெரிந்திருப்பதால்தான் அந்த வலியின் அருகில் அச்சமின்றிப் போக முடிகிறது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்குக் கைபேசி வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கும் பெண்ணுக்கு, தன்னிடம் யாரும் கேட்காத மன்னிப்பை வேறொருத்தியிடம் ஒருவன் கேட்பது உண்மையான ஆறுதல். அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த ஆறு மாதம்! இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, பரஸ்பர சம்மதத்தோடு மணவிலக்குக் கேட்பவர்கள் மனு செய்வதற்கு முன்பே குறைந்தது ஓர் ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு வரும் ஆறு மாதம் யோசிப்பதற்கான அவகாசம். ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தும் உத்தரவு அன்று. தகுந்த வழக்குகளில் அந்த அவகாசத்தையே தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. சமரசத்துக்கு முயல்வது குடும்ப நல நீதிமன்றத்தின் கடமை என்பது உண்மை. அதற்காக உங்களை ஆலோசகரிடம் அனுப்புவார்கள்; கணவர் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதையில் நாயகன் பார்வையில் ஓர் அத்தியாயம் வரும். அவன் தனியே அழுவதையும் அவள் புகைப்படத்தைப் பத்திரப்படுத்தியிருப்பதையும் அதில் படித்துத்தான் நாம் அவனை மன்னிக்கிறோம். நிஜத்தில் கணவரின் அத்தியாயம் நம் கைக்கு வராது. நாம் பார்க்கக் கூடியது அவருடைய நடத்தையை மட்டுமே. பரத்தையிடமிருந்து திரும்பி வரும் தலைவனுக்காகத் தூது வருபவர்களைத் தலைவி மறுத்து அனுப்புவதற்கு 'வாயில் மறுத்தல்' என்று பெயரிட்டு, அதைப் பாடுபொருளாகவே வைத்திருந்தது நம் அக மரபு. புதல்வனை முன்னிட்டு அவன் உள்ளே நுழைவதும் அம்மரபில் உண்டு. இன்றைய தொடர்கள் குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுப்பை விட்டுவிட்டன.

திரும்பிப் போவதைப் பற்றி யோசிப்பவர்கள், முதலில் பொது இடத்தில் சந்தித்துப் பேசுங்கள். அவர் கைநீட்டியதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறாரா, குடிப்பவராக இருந்தால் சிகிச்சைக்குப் போகிறாரா என்று மாதக்கணக்கில் கவனியுங்கள். கண்ணீரைக் கணக்கில் எடுக்காதீர்கள். மருத்துவச் சீட்டுகளையும் நகைகளையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் பொறுப்பிலேயே வைத்திருங்கள். அடி விழுந்தால் பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழையுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். தாய்மார்களே, "கதையில் வருகிற மாதிரி திருந்திவிடுவார்" என்று சொல்லி மகளை அனுப்பி வைக்காதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

எழுதுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையில் இருவரில் யார் வேண்டுமானாலும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் நாயகி தன் வீட்டில், தன் சம்பளத்தில் இருந்தபடியே நிதானமாக அந்த முடிவுக்கு வரட்டும். சட்டம் அதற்கு முழு இடம் தருகிறது.