இருமினால் கசிகிறதா? கெகல் பயிற்சிக்கு முன் இதைப் படியுங்கள்

முதுகு வலி என்றுதான் வருவார்கள். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "மேடம், இருமினா, தும்மினா லேசா ஒண்ணுக்கு வந்துடுது. வயசானா அப்படித்தானே?" என்பார்கள். பிசியோதெரபிஸ்டாக இதை அடிக்கடி கேட்பதால், இப்போதெல்லாம் நானே முதலில் கேட்டுவிடுகிறேன். கேட்டால் பெரும்பாலானவர்கள் மறைப்பதில்லை. கேட்க ஆளில்லாததுதான் பிரச்சினை.

வயதானவர்களுக்கு மட்டும் வருவதாக இருந்தால், முதல் பிரசவம் முடிந்த இளம்பெண்ணுக்கு ஏன் வருகிறது? கீழ் இடுப்பில், முன்னே பூப்பெலும்பு முதல் பின்னே வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் ஒரு தசைத் தொகுப்பு இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இவை. கர்ப்பச் சுமை, பிரசவத்தில் ஏற்படும் இழுபடல், மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன், உடல் எடை, தீராத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது என ஒவ்வொன்றும் இதைப் பாதிக்கும். சிசேரியன் ஆனவர்களும் முழுக்கத் தப்பிவிடுவதில்லை. மாதக்கணக்கில் குழந்தையைத் தாங்கியது அதே தசைதான்.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். இறுகினால் முக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே நைந்த தசைமேல் தினமும் அந்த அழுத்தம் இறங்கும். வயிற்றில் துணி கட்டுவது சிலருக்கு இதமாக இருக்கலாம், ஆனால் இந்தத் தசைக்கு அது பயிற்சியாகாது.

சரி, இந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சி செய்தால் போதுமா? அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதைப் பற்றி எழுதியபோது, வெறுமனே "இறுக்குங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை. யோனிக்குள் வைத்து அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியை உருவாக்கி, தசை சரியாக இறுகுகிறதா என்று அந்தப் பெண்ணே முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வைத்தார். நம் கைக்கு வந்து சேர்ந்ததோ பெயரும் இரண்டு நிமிட வீடியோவும்தான். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், வாய்மொழியாக மட்டும் கற்றுக்கொண்ட 47 பெண்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப்பேர் செய்த விதம் கசிவை அதிகமாக்கக்கூடியது. மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினால் அப்படித்தான் ஆகும். என்னிடம் வருபவர்களிடமும் இதைப் பார்க்கிறேன்: மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிட்டத்தையும் தொடையையும் இறுக்கி, உள்ளே எதுவுமே அசையாமல் மாதக்கணக்கில் "பயிற்சி" செய்திருப்பார்கள்.

இப்படி முயன்று பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை மெல்ல இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்னால் சிறுநீர் வரும் இடம்வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். மூச்சு இயல்பாக ஓட வேண்டும். மூன்று விநாடி பிடித்தால் போதும், பின்பு முழுவதுமாகத் தளர்த்துங்கள். பலர் தவறவிடுவது இந்தத் தளர்த்தலைத்தான். ஒரு தடவைக்கு குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 தடவை, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல். பழகப் பழகப் பிடிக்கும் நேரத்தைப் பத்து விநாடிவரை கூட்டலாம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதை அது கெடுக்கும்.

இன்னொரு உத்தி. தும்மல் வரும்போதும், குடத்தையோ குழந்தையையோ தூக்கும்போதும், அதற்கு ஒரு கணம் முன்பே தசையை இறுக்கிவிடுங்கள். 1998-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இதைக் கற்றுக்கொண்ட வயதான பெண்களுக்கு ஒரே வாரத்தில் இருமல் கசிவு வெகுவாகக் குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. செலவில்லை, பலன் சீக்கிரம் தெரியும்.

எல்லாக் கசிவும் இருமலால் வருவதில்லை. வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போதோ குழாய்ச் சத்தம் கேட்கும்போதோ திடீரென முட்டிக்கொண்டு வருவது வேறு ரகம். அப்போது ஓடாதீர்கள். நின்று, தசையைச் சில முறை இறுக்கி, அவசரம் தணிந்தபின் நடந்து போங்கள். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். சிறுநீரில் கிருமித்தொற்று, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

தண்ணீரே குடிக்காமல் இருப்பதுதான் பலர் கண்டுபிடித்த வைத்தியம். அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டும். அவசரம் இன்னும் கூடும். ஆனால் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணிடம் "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கேட்டுப் போகிற இடத்தில், எந்தப் பயிற்சி அட்டவணையும் அரை வைத்தியம்தான்.

"அடி இறங்கின மாதிரி இருக்கு", "கழுவும்போது உருண்டையா தட்டுப்படுது" என்றால் அது கர்ப்பப்பை இறக்கமாகவோ, சிறுநீர்ப்பை சரிந்ததாகவோ இருக்கலாம். கர்ப்பப்பையை எடுப்பது ஒன்றே வழி என்று பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். ஆரம்ப நிலையில் பயிற்சியால் தொந்தரவு குறையும். அதைத் தாண்டினாலும் யோனிக்குள் வைக்கும் சிலிக்கோன் வளையம் பலருக்கு உதவும். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பப்பையை எடுத்தாலும் தாங்கும் தசையின் பலவீனம் அப்படியேதான் இருக்கும்.

வீடியோக்கள் அதிகம் பேசாத ஒரு கூட்டம் உண்டு: தசை தளராமல், எப்போதும் இறுகியே இருப்பவர்கள். தாம்பத்தியத்தில் கடும் வலி, உட்கார்ந்தால் வலி, சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு. இதற்குக் கெகல் செய்தால் வலி ஏறும். திருமணமாகிச் சில மாதங்களே ஆன பெண்ணை "ஒத்துழைக்க மாட்டேங்குறா" என்று வீட்டார் குறை சொல்லி அழைத்து வருவார்கள். அவள் வேண்டுமென்றே இறுக்கவில்லை. வலியை எதிர்பார்த்துத் தசை தானாக இறுகிக்கொள்கிறது. வயிறு விரிய மூச்சை இழுத்து விடுவதில் தொடங்கி, தளர்த்தக் கற்று, பிறகு யோனிக்குள் வைத்துப் பழகும் விரிப்பான்களைச் சிறிய அளவிலிருந்து பயன்படுத்துவதுவரை அவள் வேகத்திலேயே போக வேண்டும். கணவரையும் உட்கார வைத்துப் பேசிவிடுவது என் வழக்கம்.

சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, இரவும் பகலும் நிற்காத கசிவு இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் திடீரென வராமல் நின்றால் அன்றே மருத்துவமனை.

பரிசோதனைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு: தசையின் பலத்தைச் சரியாக அறிய விரல் வைத்துப் பார்ப்பது உண்டு, ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். முதல் நாள் வேண்டாம் என்றால், அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தோ, ஆடையின்மேல் கைவைத்தோ தசை அசைகிறதா என்று பார்த்துத் தொடங்கிவிடலாம்.