முழங்கால் ஊசி: போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எந்த ஊசி போட்டா ஜவ்வு திரும்ப வளரும், டாக்டர்?"

முழங்கால் தேய்மானத்தோடு வருகிற பலரும் கேட்கும் கேள்வி இது. எந்த ஊசி போட்டாலும் வளராது. நீங்கள் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்பு தேய்ந்த பிறகு அதை மறுபடி முளைக்க வைக்கும் என்று நிரூபணமான ஊசி இன்று வரை இல்லை. ஊசியால் வலி குறையலாம், சில வாரமோ சில மாதமோ அவகாசம் கிடைக்கலாம். அவ்வளவுதான் என்று சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனால் அந்த அவகாசம் சின்ன விஷயம் இல்லை.

முட்டி வீங்கி, நீர் கோத்து, தொட்டால் சுடுகிறது, மடக்கவே முடியவில்லை என்றால் நான் முதலில் யோசிப்பது ஸ்டீராய்டு ஊசியைத்தான். மருந்தை ஏற்றுவதற்கு முன் கோத்திருக்கும் நீரை சிரிஞ்சில் எடுத்துவிடுவேன். தேய்மானத்தால் சேர்ந்த நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். ஒரு சொட்டு விட்டால் நூல் மாதிரி இழுபடும். அது கலங்கலாக வந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது. கிருமித் தொற்றா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்றது.

ஸ்டீராய்டு சில நாட்களிலேயே வேலை செய்யும். ஆனால் பெரும்பாலும் சில வாரங்களில் அதன் பலன் ஓய்ந்துவிடும். "போன தடவை நல்லா கேட்டுச்சு, இன்னொண்ணு போடுங்க" என்று அடிக்கடி வருபவர்களிடம் 2017-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். 2 ஆண்டுகளுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு போட்டவர்களையும், வெறும் உப்புநீர் போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். முடிவில் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் கூடுதலாகக் கரைந்திருந்தது. வீக்கத்தை அடக்க எப்போதாவது ஒன்று போடலாம். வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேறு ஓர் இடத்தில் ஊசி போட்டுக்கொண்ட அம்மா ஒருவர், இரண்டாம் நாள் சர்க்கரை 340 காட்டியதும் பயந்துபோய் என்னிடம் வந்தார். சாப்பாட்டில் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார், பாவம். மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டும் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவருக்கு அந்தப் பயம் வந்திருக்காது.

அடுத்தது 'ஜெல் ஊசி'. மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கும் ஹயலுரோனிக் அமிலம்தான் இது. சேவல் கொண்டையிலிருந்தோ, பாக்டீரியாவை வளர்த்தோ தயாரிக்கிறார்கள். ஒரே தடவையாகவோ, வாரம் ஒன்றாக 3 முதல் 5 வரையிலோ போடுவார்கள். சர்க்கரையை ஏற்றாது என்பது நல்ல விஷயம். ஆனால் பெரிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், உப்புநீரைவிட இதனால் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு. நான் இப்போது இதை அரிதாகத்தான் சொல்கிறேன்.

பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) அடர்ந்த பகுதியை மட்டும் மூட்டில் போடுவது. ஆரம்ப, நடுத்தரத் தேய்மானத்தில் 6 மாதம், ஒரு வருடம் வரை பலன் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அதே சமயம் 2021-இல் 288 பேரிடம் கவனமாக நடத்திய ஆய்வில், 12 மாதத்துக்குப் பிறகு வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ உப்புநீரைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. உப்புநீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்திருந்தது! தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்துவிட்ட முட்டிக்கு இதைப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். 'ஸ்டெம் செல்' ஊசிக்கும் அப்படித்தான். அதற்கு ஆதாரம் இதைவிடக் குறைவு.

சரி, அவகாசத்துக்கு வருவோம். வலி அடங்கியதும் தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, முட்டியை இறுக்கி 5 எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, தினம் இரண்டு வேளை. எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 2020-இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிடப் பிசியோதெரபி செய்தவர்கள்தான் ஒரு வருட முடிவில் நன்றாக இருந்தார்கள். வலி போய்விட்டதே என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் என்னிடம் சீக்கிரம் திரும்பி வருகிறார்கள்.

அப்புறம் இரண்டு விஷயம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு யோசித்துக்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசிக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவே 3 மாதமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தொற்று அபாயம் கூடும். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் லேசான வலி இருப்பது சகஜம். காய்ச்சலோடு முட்டி சிவந்து, வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.