சேரப்போவது தெரிந்தும் ஏன் காத்திருக்கிறோம்?

ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்துத் தாமே எழுதும் கதைகளை ஃபேன் ஃபிக்‌ஷன் என்பார்கள். அதில் காதல் மிக மெதுவாக மலரும் வகைதான் ஸ்லோ பர்ன். ஸ்லோ பர்ன் வகை ஃபேன் ஃபிக்‌ஷனில் யாரும் யாரும் சேரப்போகிறார்கள் என்பது முதல் வரிக்கு முன்பே தெரிந்துவிடும். தலைப்புக்குக் கீழேயே ஜோடியின் பெயரைப் போட்டிருப்பார்கள். அப்படியும் முப்பது, நாற்பது அத்தியாயங்களை விடாமல் படிக்கிறோம். இருபதாவது அத்தியாயத்தில் விரல் லேசாகப் பட்டாலே மனசு படபடக்கிறது.

முடிவு தெரிவது அவ்வளவு பெரிய இழப்பு இல்லை போலிருக்கிறது. 2011-இல் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். ரசனை குறையவில்லை, சராசரியாகக் கொஞ்சம் கூடத்தான் செய்தது. பின்னால் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறாகவும் சொல்கின்றன. ஆனால் ஸ்லோ பர்ன் வாசகருக்கு ‘சேர்வார்களா’ என்பது கேள்வியே இல்லை. எப்போது, எப்படி, யார் முதலில் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் டோபமைன் வருகிறது, பரிசை எதிர்பார்க்கும்போது மூளையில் சுரக்கும் வேதிப்பொருள். நரம்பியல் விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு ஓர் அடையாளத்தைக் காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார்கள். பழகிய பிறகு, டோபமைனைச் சுரக்கும் மூளைச் செல்கள் சாற்றுக்குத் துடிப்பதை விட்டுவிட்டு அடையாளத்துக்கே துடித்தன. 2003-இல் வெளியான ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சாறு கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று இருந்தபோதுதான், காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்களின் துடிப்பு மிக அதிகமாக ஏறியது. பழச்சாற்றிலிருந்து காதல் கதைக்குப் போவது பெரிய தாவல்தான். ஆனாலும் ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவே நாம் தவிப்பதை இதைவிடப் பொருத்தமாக விளக்கும் ஒன்றை நான் பார்த்ததில்லை.

சரி, அந்த ‘அடையாளத்தை’ எழுதுபவர் எப்படி உண்டாக்குகிறார்? ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வரும் கப்பல் தலைவன் கிர்க், அவனது துணை அதிகாரி ஸ்பாக் ஜோடியை எடுத்துக்கொள்வோம். 1970-களிலிருந்து ரசிகர்கள் இவர்களை வைத்துக் காதல் கதை எழுதுகிறார்கள். ஸ்பாக் உணர்ச்சியை வெளியே காட்டாதவன், தர்க்கமே மூச்சு. இருவரும் சதுரங்கம் ஆடுவார்கள். ஒரு கதையைக் கற்பனை செய்வோம். மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்பாக் பதினாறே நகர்வில் ஜெயித்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஜெயிக்கும் நகர்வு கண்முன்னே இருக்கிறது. அவன் குதிரையைப் பின்னுக்கு நகர்த்துகிறான். ஆட்டம் இன்னும் ஒரு மணி நேரம் நீள்கிறது. அவ்வளவுதான், எழுத்தாளர் வேறெதுவும் சொல்வதில்லை. ‘அவனுக்கு எழுந்து போக மனசில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அந்த வரியை வாசகர் தாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க முடிவதற்குக் காரணம், ஸ்பாக் வழக்கமாக எப்படி ஆடுவான் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். மூளை எந்நேரமும் அடுத்ததைக் கணித்துக்கொண்டே இருக்கிறது, கணிப்பு பிசகும் இடத்தில்தான் கவனம் குவிகிறது. புது நாவலில் ஒரு பாத்திரத்தின் வழக்கத்தை நிறுவவே நூறு பக்கம் போய்விடும். ரசிகர் கதைக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் மிகச் சின்னப் பிசகுகூட உறைக்கிறது. பாத்திரத்தை அதன் இயல்பிலிருந்து நழுவவிட்டால் இந்த மூலதனம் முழுக்கப் போய்விடும். நல்ல ரசிகர் எழுத்தாளர்கள் குரலையும் பேச்சு வழக்கையும் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றுவது இதனால்தான்.

தாமதத்தை மட்டும் நம்பும் கதைகளும் உண்டு. முத்தத்துக்கு நெருங்கும்போதெல்லாம் கதவு தட்டப்படும், அலாரம் அடிக்கும். ஷுல்ட்ஸின் குரங்குகளுக்கு எதிர்பார்த்த சாறு வராதபோது செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. கதவு நான்காவது முறை தட்டப்படும்போது வாசகரும் ஏமாற்றத்தோடு கதையை மூடிவிடுகிறார்.