கிராம சபைத் தீர்மானம்: அதன் எடை எங்கே இருக்கிறது

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர்தான். அதற்குத் தேர்தலும் கிடையாது, நியமனமும் கிடையாது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. அதன் வேலைகளை வரையறுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாட்டில் அதைச் செய்தது 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். சுமார் 12,500 ஊராட்சிகளுக்கு இது பொருந்தும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் வசிப்போருக்குக் கிராம சபை இல்லை. அவர்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் தனியே உண்டு.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பதே சட்டம் விதிக்கும் குறைந்தபட்சம். நடைமுறையில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூட்டம் நடந்துவந்தது. பின்னர் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. சட்டம் விதிக்கும் இரண்டு கூட்டங்களுக்கு மேலான நாட்கள் அரசாணையால் வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஆணையால் தரப்பட்டதை இன்னோர் ஆணையால் நிறுத்திவைக்கவும் முடியும். 2020 அக்டோபர் 2 கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது இதற்கு உதாரணம்.

கூட்டத்தைக் கூட்டுவதும் தலைமை தாங்குவதும் ஊராட்சித் தலைவரின் பொறுப்பு. அவர் கூட்டத் தவறினால் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் மாவட்ட ஆட்சியர் கூட்ட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் அந்த இடத்தில் இருப்பார். அப்போதும் உறுப்பினரின் உரிமையில் எதுவும் குறையாது. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டம், வளர்ச்சித் திட்டம், தணிக்கை அறிக்கை ஆகியவை சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டியவை. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கையில்தான் வழக்கமாகக் கோளாறு தொடங்குகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து சேர்ந்துவிட்டால் கூட்டம் நடந்ததாகிவிடும் என்பதால், சில ஊர்களில் பதிவேடு முதல் நாளே வீடுவீடாகப் போய்வருகிறது. நான் பார்த்த ஒரு கூட்டத்தில், குடிநீர்த் தொட்டிக்குச் செலவிட்டதாகச் சொன்ன தொகைக்குப் பில் எங்கே என்று ஒரு பெண் எழுந்து கேட்டார். "அதைப் பார்த்துக்கலாம், உட்காருங்கம்மா" என்று பதில் வந்தது. அவர் உட்காரவில்லை. "நான் கேட்டதை நோட்டில் எழுதுங்க, எழுதினதும் உட்கார்றேன்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள், கடன் கொடுத்தவர்கள், நாளைக்கும் அதே தெருவில் எதிர்ப்படப் போகிறவர்கள். வெளியூரில் மேடையேறிப் பேசுவதைவிட இதற்கு நெஞ்சுரம் அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம். செயலாளர் கடைசியில் எழுதினார். கேள்வி எழுத்தில் ஏறியது.

அவர் கேட்டது சரியான இடத்தில்தான். கூட்டத்தில் எவ்வளவு காரசாரமாகப் பேசினாலும், தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு அரசைப் பொறுத்தவரை பேசப்படாதது. எனவே தீர்மானத்தின் வாசகத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோக வேண்டும். பதிந்ததும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் விட்டிருந்தால் அங்கேயே கோடு போட்டு அடைக்கச் சொல்ல வேண்டும். அந்த நாலு வரி இடத்தில் பிறகு என்ன வேண்டுமானாலும் முளைக்கலாம். பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். நகல் தர மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இத்தனையும் செய்து நிறைவேற்றிய தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்துமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. தீர்மானம் எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது.

ஒடிசாவின் ராயகடா, காளஹாண்டி மாவட்டங்களில் பரவியுள்ள நியம்கிரி மலையை டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் தங்கள் தெய்வம் நியம்ராஜாவின் இருப்பிடமாகக் கருதுகிறார்கள். அங்கே அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டுவதைப் பற்றி, காட்டில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளே ஆராய்ந்து முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. மலையிலும் அடிவாரத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. அப்படியும் கணக்குத் தப்பியது: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாவட்ட நீதிபதியின் பார்வையில் கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. வன உரிமைச் சட்டம் நம் நீலகிரி, சத்தியமங்கலம் மலைகளுக்கும் பொருந்தும். ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் கூடும் சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

சமவெளி ஊராட்சிகளின் தீர்மானத்துக்கு அந்தச் சட்டப் பலம் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில் 2022 ஆகஸ்ட் 15 முதல் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்துப் பத்து முறைக்கு மேல் தீர்மானம் நிறைவேறியுள்ளது. அதனால் நில எடுப்பு நின்றுவிடவில்லை. தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டின் மாநில நில எடுப்புச் சட்டத்தில் கிராம சபையின் சம்மதம் நிபந்தனை இல்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 2024 நவம்பர் 23 அன்று டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறின. அவற்றுக்கும் சட்டப்படி சுரங்கத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை. ஆனால் ஊர்கள் ஓயாமல் போராடின, டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது.

ஆகவே சமவெளி ஊர்க்காரர்கள் தீர்மானத்தைத் தடையாணை என்று எண்ணாமல் சாட்சியப் பத்திரமாகக் கையாள்வதே சரி. திட்டத்தைப் பற்றி ஊருக்கு எப்போது தெரிவித்தார்கள், எத்தனை பேர் கூடினார்கள், எந்தப் புல எண்களில் எந்த ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் பாதிக்கப்படும் என்பவற்றை வாசகத்திலேயே எழுதிவிட வேண்டும். "ஊர் மக்கள் கடுமையாக எதிர்க்கிறோம்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் ஒன்றும் செய்ய முடியாது. சான்றிட்ட நகலை ஆட்சியருக்கும் உரிய துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைத் தீர்மான நகலோடு சேர்த்துத் தைத்து வைக்க வேண்டும்.