குளிர் நடுக்கத்துக்குக் கஷாயம் காய்ச்சும் முன்

சென்ற வாரம் சிங்கப்பூரில் என் மருந்தகத்துக்கு அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை மகள் அழைத்து வந்தார். மூன்று நாள்களாகப் போர்வைக்குள்ளும் பற்கள் கிட்டிக்கும் நடுக்கம். தோழி ஒருவர் சீனாவிலிருந்து வாங்கி வந்த, மா ஹுவாங் தாங் என்ற சீன மூலிகைக் கஷாயப் பொட்டலத்தைக் காய்ச்சிக் கொடுத்ததும் வியர்த்துக் கொட்டி நடுக்கம் அடங்கியதால், நோய் போய்விட்டதாகவே நம்பியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 132, இரத்த அழுத்தம் 190-க்கும் மேல், சிறுநீரகம் வரை ஏறிய கிருமித்தொற்று. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர்.

“மூலிகைதானே டாக்டர்” என்றார் மகள். இந்தச் சொல்தான் என்னை வருத்துகிறது. மா ஹுவாங் என்பது எஃபிட்ராச் செடியின் தண்டு. 1885-இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து பிரித்தெடுத்த எஃபிட்ரினைத்தான், அறுவை சிகிச்சையின்போது சரியும் இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த இன்றும் மில்லிகிராம் கணக்கில் ஊசி வழியாகக் கொடுக்கிறோம். அதே பொருள் தண்டுக்குள் இருப்பதால் சாதுவாகிவிடாது. பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதும் குடிப்பவருக்குத் தெரியாது. எஃபிட்ரா கலந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது இதயத்துக்கும் மூளைக்கும் நேர்ந்த கேடுகளைக் கண்டுதான்.

மா ஹுவாங் பலன் தரும் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சீனாவில் எச்1என்1 காய்ச்சல் கண்ட 410 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், மா ஹுவாங் சேர்ந்த வேறொரு கூட்டுக் கஷாயத்தைக் குடித்தவர்களில் பாதிப் பேருக்கு 16 மணி நேரத்துக்குள்ளும், எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களில் பாதிப் பேருக்கு 26 மணி நேரத்துக்குள்ளும் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் இளவயதினர், நோயும் லேசானது, ஒப்பீட்டுக்கு மருந்துச் சத்தில்லாத போலி மருந்தும் தரப்படவில்லை. மலேரியாவின் நடுக்கத்துக்கோ சிறுநீரகத் தொற்றின் நடுக்கத்துக்கோ அந்த முடிவை எப்படிப் பொருத்துவது?

மா ஹுவாங் தாங் கஷாயத்தின் மூலநூலான, ஏறத்தாழ கி.பி. 200-இல் சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங் ஹான் லுன், நீர்க்கடுப்பு உள்ளவர்களை வியர்க்க வைக்கக் கூடாது என்றே எச்சரிக்கிறது. அந்த அம்மாவுக்கு நான்கு நாள்களாகச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இருந்ததை, பொட்டலத்தைக் கொடுத்தவர் கேட்கவே இல்லை.

இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மா ஹுவாங்கைத் தொடவே வேண்டாம். உடல் உதறும் நடுக்கம் வந்தால், அது அடங்கிப் போனாலும், அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே குடித்துவிட்டீர்களா? திட்டுவேன் என்று அஞ்சி மறைக்காமல், தயவுசெய்து அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு வாருங்கள்.